பிறர் வாசல் வழியே

தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணி 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. பேருந்தில் அமர்ந்து கண்ணயர்ந்தால் ஒரே தூக்கத்தில் முடிந்துபோகும் இவ்வழியை, நடந்து செல்வோர் மூன்று இரவுகளாகப் பிரித்துக்கொள்வதுண்டு. முதல் இரவு அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம். மறு இரவு கொரடாச்சேரி வழியாகத் திருவாரூர். மூன்றாம் இரவு கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். பகலில் எங்கேனும் ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளித் தாழ்வாரத்திலோ படுத்துறங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் மாலை, நம் பங்கு மக்கள் 63 பேருடன் நாமும் இவ்வழியில் புறப்பட்டோம். 29-ஆம் நாள் மாலை நடைபெறும் கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம்.

கொள்ளைநோயினால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் யாத்திரிகர் கூட்டமின்றியே அத்திருவிழா நடந்தேறியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஈராண்டு வீட்டில் அடைந்து கிடந்த கால்களுக்கு அன்று இறக்கை முளைத்திருந்தது. காவியுடை தரித்த இளைஞர்கள் சிறு சப்பரமொன்றை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, அதில் விளக்குகளும் ஒலிபெருக்கியும் பொருத்தி முன்னே சென்றார்கள். தாய்மாரும் பிள்ளைகளும் நடுவே. நமக்கு வயது 56. வலது முழங்கால் நம் சொற்படி கேட்பதை நிறுத்திச் சில காலமாகிறது. ஆகவே முதியோருடன் கடைசி அணியில் நடந்தோம்.

புறப்படுமுன் சில கட்டளைகளைக் கொடுத்திருந்தோம். எதிரே வரும் வண்டிகளைக் காணும்படி சாலையின் வலப்புறமாகவே நடக்க வேண்டும். இருவர் இருவராகச் செல்ல வேண்டும். ஒளிபட்டால் மின்னும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தனியே ஒருவரும் பின்தங்கக் கூடாது. நல்ல கட்டளைகளே. ஆனால் பின்னர் எண்ணிப் பார்க்கையில், அத்தனையும் நம்மைக் காத்துக்கொள்வதற்கானவை. வழியில் குடியிருப்போரைப் பற்றி ஒரு வார்த்தையும் அவற்றில் இல்லை.

அச்சாலையோ வெறும் சாலையன்று. காவிரிப் படுகையின் ஊர்களில் வீட்டு வாசற்படிக்கும் தார்ச்சாலைக்கும் இடையே ஒரு கோலம் போடுமளவே இடமிருக்கும். பல வீடுகளில் அதுவும் இல்லை. திண்ணையில் படுத்திருப்பவர் கையை நீட்டினால் நம் மேல் படும். முதல் இரவு முடிந்து நீடாமங்கலத்தை நெருங்கியபோது பெண்மக்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டுக்கொண்டிருந்தார்கள். உறக்கம் கண்ணைச் சுழற்ற, நம் அணியினர் அக்கோலங்களின் மேலேயே நடந்து சென்றனர். ஒரு சிறுமி, தான் இட்ட புள்ளிகளின் மேல் இரண்டு பாதங்கள் பதிந்து செல்வதைப் பார்த்து, வாய் திறவாமல் மாவுக் கிண்ணத்துடன் ஒதுங்கி நின்றாள். அவ்விரண்டு பாதங்களில் ஒன்று நம்முடையது.

அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திராமல் மே 24-ஆம் நாளே திறக்கப்பட்டிருந்தது. ஆறுகளில் நீர் நிறைந்து ஓடிற்று. நீடாமங்கலத்துக்கருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பைப் பிள்ளைகள் சிலர் பகலில் போய்ப் பார்த்து வந்தார்கள். முன்கூட்டி நட்ட குறுவை சில இடங்களில் அறுவடையாகி, நெல்லைச் சாலையிலேயே பரப்பிக் காயவைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை நாம் புறப்பட்ட வேளையில் அதை இன்னும் அள்ளி முடிக்கவில்லை. முன்னே சென்றவர்கள் அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டே போய்விட்டார்கள். நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர், 75 வயதிருக்கும், இளமையில் இப்பகுதியில் நடவு நட்டவர், நெல்லைக் கண்டதும் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சாலையை விட்டிறங்கி, முட்செடிகளின் ஊடே சுற்றிக்கொண்டு வந்து ஏறினார்.

"ஏனம்மா இவ்வளவு சிரமம்? ஓரமாகவே வரலாமே" என்றோம்.

"சோறு காயுது, சாமி" என்றார்.

அதன்பின் நாமும் சுற்றியே சென்றோம், முழங்கால் முனகியது.

கொரடாச்சேரிக்கு முன்பாக ஒரு குடும்பத்தார் ஆண்டுதோறும் நடந்து வருவோருக்கு எலுமிச்சைச் சோறும் மோரும் தருவதுண்டு. அவர்கள் கிறிஸ்தவர் அல்லர். "ரெண்டு வருஷமா வாசல் வெறிச்சோடிப் போச்சுங்க" என்று அந்த வீட்டுப் பெரியம்மா வரவேற்றார்கள். உண்டு பசியாறிய நம்மவருள் ஒருவர் ஊறுகாய் இல்லையா என்று கேட்டார். இன்னொருவர் பின்னால் வரும் உறவினருக்கென்று நான்கு தட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டார். உறவினரோ அதற்குள் தாமே வந்து வயிறார உண்டிருந்தார். 2019-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் ஞெகிழித் தட்டுக்கும் குவளைக்கும் தடை. ஆகவே அங்கே பாக்குமட்டைத் தட்டும் காகிதக் குவளையும். மட்டையாயிருந்தாலும் எச்சில் தட்டு எச்சில் தட்டுதானே? நூறு தப்படி சென்று திரும்பிப் பார்த்தபோது, சோறிட்ட அதே கையால் அந்த அம்மா நம் எச்சில் தட்டுகளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிச் சென்று உதவலாமா என எண்ணினோம். எண்ணியதோடு சரி.

நன்மையையும் சொல்ல வேண்டும். தாய்மார்க்கு இவ்வழியில் பெருந்துன்பம், கழிப்பறை கேட்டு முன்பின் அறியாத வீட்டுக் கதவைத் தட்டுவது. நம் அணியில் ஒரு சகோதரி, தமக்குத் தேவையிருந்தும் எல்லாரும் போய் வரும் வரை காத்திருந்து, கடைசியாகத் தாம் சென்று, இரண்டு வாளித் தண்ணீர் இறைத்து ஊற்றிக் கழுவி, வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டு வருவார். மூன்று நாளும் இதைச் செய்தார். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை; நாமும் இதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம்.

இனி அந்த இரண்டாம் இரவுக்கு வருவோம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதி. நாம் அறியாததன்று. இளைஞர்கள் வந்து, "பாட்டு இல்லாவிட்டால் நடந்துகொண்டே தூங்கிவிடுகிறார்கள், பாதர்" என்றபோது, "மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டோம். மெதுவாக வைத்துக்கொள்ளும் ஒலிபெருக்கியை எவரும் கண்டதுண்டா? அமாவாசை இருட்டு. சப்பரத்தின் விளக்கொளி வெகுதூரம் முன்னே அசைந்து செல்ல, பாடல் வயல்வெளியெங்கும் பரவிற்று. கேட்க நமக்கு இனிமையாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

கொரடாச்சேரியைக் கடந்து வெகுநேரம் சென்றபின், நள்ளிரவு தாண்டியிருக்கும், சாலையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டின் முன் பந்தல் போட்டிருந்தது. குழல்விளக்கின் வெளிச்சத்தில் நாற்காலிகளில் ஆண்கள் பேச்சின்றி அமர்ந்திருந்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டி. கண்டதும் நம் அணியினர் பேச்சை நிறுத்திக் கடந்தார்கள். அப்போது அண்டை வீட்டுப் பெண்ணொருவர் குடத்துடன் வந்து, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று தாமாகவே முதியோருக்கு வார்த்தார். இழவு வீடா என்று தாழ்ந்த குரலில் கேட்டோம்.

"ஆமாங்க சாமி. பெரியவரோட சம்சாரம். சாயங்காலம் போயிட்டாங்க." சற்று நிறுத்தித் தொடர்ந்தார்: "முன்னாடி போன பிள்ளைங்ககிட்ட சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்னு பெரியவரே எழுந்து ரோட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. பிள்ளைங்களுக்குப் புரியல. மாதா படம் ஒண்ணைக் கையில கொடுத்துட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சுட்டுப் போயிட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். ஏதோ நம் பிள்ளைகள் மழையில் நனைந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

அப்பொழுது நாம் செய்திருக்க வேண்டியது யாதென்று எந்தக் குழந்தையும் சொல்லும். பந்தலுக்குள் சென்று அந்தப் பெரியவரின் கைகளைப் பற்றியிருக்க வேண்டும். நாம் செய்ததோ, அந்தப் பெண்ணிடம் "மன்னிக்க வேண்டும், அம்மா" என்று முணுமுணுத்துவிட்டு, முதியோர் காத்திருக்கிறார்கள் என்ற சாக்கில் நடையைத் தொடர்ந்ததே. முப்பது ஆண்டுகளாகத் துக்க வீடுகளில் ஆறுதல் சொல்லிப் பழகிய வாய்க்கு அன்று வாசலைத் தாண்டத் துணிவில்லை. கைப்பேசியில் இளைஞர்களை அழைத்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னோம். அதற்குள் அவர்கள் இன்னும் இரண்டு ஊர்களைக் கடந்திருந்தார்கள்.

விடியற்காலையில் திருவாரூரை அடைந்து, தங்கிய மண்டபத்தில் இளைஞர்களைக் கூட்டிச் செய்தியைச் சொன்னோம். படம் கொடுத்த பையனின் முகம் சுருங்கிப்போயிற்று. "அவர் கையெடுத்துக் கும்பிட்டாரே, பாதர்! மாதாவைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன்" என்றான். உண்மையும் அதுதான். எதிரே எவர் கைகூப்பினாலும் அது நம் சப்பரத்துக்கே என்று எண்ணும் பழக்கம் நமக்கு வந்துவிட்டிருந்தது. 'பந்தலைப் பார்க்கவில்லையா?' என்ற கேள்வி நம் நாவின் நுனி வரை வந்தது. பந்தலைப் பார்த்தபின்னும் ஓடிவந்தவர் அதைக் கேட்பது முறையாகாது என்று விழுங்கிக்கொண்டோம்.

மூன்றாம் இரவு பாட்டில்லாமல் நடந்தோம். ஒருவரும் உறங்கிவிடவில்லை. தவளைச் சத்தமும் காலடிச் சத்தமும் கேட்டன. கீழ்வேளூர்ப் பக்கம் வந்தபோது அந்த மூதாட்டி, "இங்கிருந்துதான் வெண்மணிக்குப் போகணும்" என்று இருட்டைக் காட்டினார். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி நெல் உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசையோடு எரிக்கப்பட்ட கீழவெண்மணி அது. நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவு.

"அப்பல்லாம் ஆண்டை தெருவுல செருப்புப் போட முடியாது, சாமி. எங்கப்பா செருப்பையும் துண்டையும் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடப்பாரு. அதுக்குப் பேரு மரியாதை."

"நேற்று நீங்களும் செருப்பைக் கையில் எடுத்தீர்களே, அம்மா?"

"நேத்து நானாக் கழட்டினேன்" என்றார். பிறகு வெகுதூரம் வரை எதுவும் பேசவில்லை.

வேளாங்கண்ணியைப் பற்றி வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1962-ஆம் ஆண்டு பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அவ்வாலயத்தின் வெண்கோபுரங்களைத் தொலைவில் கண்டதும் தாய்மார் கண்ணீர் விட்டார்கள். ஆனால் இம்முறை நம் மனத்தில் நின்றது வேறொன்று. அவ்வூரின் மரபுவழிக் கதைகளில் முதலிரண்டும் ஒரு தாய் கேட்பதிலேயே தொடங்குகின்றன. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டு சென்ற சிறுவனிடம் தன் குழந்தைக்குச் சிறிது பால் கேட்டாள். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனிடம் மோர் கேட்டாள். அவள் கட்டளையிடவில்லை. இருவரும் யாரென்று விசாரியாமல் கொடுத்தார்கள். அந்த நடுத்திட்டுக்குச் செல்லும் மணற்பாதையில் முழந்தாளிட்டு நகர்வோரின் குறுக்கே, பலூனும் பொரியுமாக ஆட்கள் அலட்சியமாகக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னொரு வேளையாயிருந்தால் அதட்டியிருப்போம்.

30-ஆம் நாள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். நாமும், படம் கொடுத்த பையனும் ஒருநாள் தங்கி, மறுநாள் காலைப் பேருந்தில் ஏறி, அந்தச் சிற்றூரில் இறங்கினோம். அவனை நாம் அழைக்கவில்லை. தானாகவே வருகிறேன் என்றான்.

அன்று விநாயகர் சதுர்த்தி. தெருக்கோடியில் பிள்ளையார் கோயில் முன்பாகத் தோரணம்; மூங்கில் கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதன் வாய் தெருவைப் பார்க்காமல் வயல் பக்கமாகத் திருப்பப்பட்டிருந்ததைப் பையன்தான் முதலில் கவனித்து, நம் கையைத் தொட்டுக் காட்டினான். பாடல் நெற்பயிருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். துக்க வீட்டில் 'வாருங்கள்' என்று சொல்வதில்லை. அவர் சற்று நகர்ந்து இடம் காட்டினார். அமர்ந்தோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு பையன், "தாத்தா, அன்றைக்கு ராத்திரி..." என்று தொடங்கினான். அதற்கு மேல் அவனால் இயலவில்லை. நாம் முடித்தோம். ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுத்தவர் நாமே என்பதையும், வாசல் வரை வந்து உள்ளே வராமற் போனவரும் நாமே என்பதையும் சொன்னோம்.

பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்குச் சத்தம் ஆகாதுங்க. ஆறு மாசமாப் படுக்கை. ரோட்டுல ஆரன் அடிச்சாலே உடம்பு தூக்கிப் போடும். அந்த நெனப்புலயே எழுந்து ஓடியாந்துட்டேன். உள்ளே திரும்பிப் போன பெறவுதான், இனிமே அவளுக்கு என்ன சத்தம்னு தோணுச்சு."

எழுந்து உள்ளே சென்றார். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளொன்றில் மடித்த பொருளைக் கொண்டுவந்து பையனிடம் நீட்டினார். பிரித்தால் அந்த மாதா படம்.

"எங்க வைக்கிறதுன்னு தெரியல, தம்பி. உங்க சாமி படம், கீழ போட மனசு வரல. ஒங்க ஆளுங்க யாராச்சும் இந்த வழியா வந்தாக் கொடுத்துரணும்னு எடுத்து வெச்சிருந்தேன்."

பையன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். தாளில் 27 என்ற எண் பெரிதாக இருந்தது.

மேலும் சிறிது நேரம் இருந்தோம். மருமகள் சொம்பில் தண்ணீர் தந்தார். புறப்படும்போது, பழக்கத்தினால் 'போய் வருகிறோம்' என்ற சொல் வாயில் எழுந்தது; துக்க வீட்டில் அதைச் சொல்லலாகாது என்ற நினைவு வர, அடக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினோம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தை அடையுமுன் பின்னால் காலடியோசை கேட்டது. பேரன் போலும், பத்து வயதுச் சிறுவன், நாம் திண்ணையில் மறந்து வைத்த குடையுடன் ஓடி வந்தான். புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதல்லவா. ஆகவே இவ்வளவு தூரமும் கூப்பிடாமலே ஓடிவந்திருக்கிறான். மூச்சு வாங்க நின்று, குடையைக் கொடுத்துவிட்டு, "தாத்தா கேட்டு வரச் சொன்னாங்க, அடுத்த வருஷம் எத்தனை பேரு வருவீங்க? கொல்லையில போர் பம்பு இருக்கு. கால் கழுவிக்கலாமாம்" என்றான்.

64 பேர் என்றோம். எண்ணை மறந்துவிடாதிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே அவன் திரும்பி ஓடினான்.